அடுப்பில் போட்ட தூரிகைகள்

பின்ச் வீதி பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் தடித்ததொரு பழைய ஆங்கில நாவல்.

"இந்தக் கதையிலை வாறவள் நல்லாப் படம் கீறினவள், மச்சாள். கலியாணம் முடிஞ்ச கையோட தூரிகை எல்லாத்தையும் அடுப்புக்குள்ளை போட்டிட்டாள். நானும் இந்த இலக்கிய வகுப்பை விடப்போறன். பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"உந்தப் புத்தகத்தை எழுதினது ஆர்?"

"விக்டோரியா மகாராணி காலத்துப் பொம்பிளை ஒராள். ஆறு பிள்ளையளாம்."

மூத்தவள் புத்தகத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ஆறு பிள்ளையளோட இவ்வளவும் எழுதினவளோ! கெட்டிக்காரி. கதையிலை தூரிகையை எரிக்க வைச்சவள், தன்ரை பேனையை எரிக்கேல்லையே!"

இளையவள் நாவலைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை வகுப்பு. பிள்ளையைப் பாப்பியளோ, மச்சாள்?"

"கொண்டுவந்து விடு. ஒண்டுதானே, ஆறில்லையே."