ஞாயிற்றுக்கிழமைக் கடல்

ஜெபிஷ்: பொய் பறையாத ஏட்டி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ லாப்டாப்புல புரோகிராம ஓட்டவே இல்ல.

சுஜி: ஓட்டினேன்! நூறு தடவ கேட்டாலும் ஓட்டினேன் தான் அண்ணே.

ஜெபிஷ்: புரோகிராம் கெடக்க நோட்புக்க மூடித் தெறந்தா பழைய பதில் அங்கனயே நிக்கும். முந்தின தடவ வந்த 'கடல் அமைதி'யப் பாத்திட்டு, அதையே வள்ளக்காரங்களுக்கு அனுப்பிட்ட. அதான் நடந்தது.

சுஜி: எனக்கு என்ன கண்ணு பொட்டையா? சாயங்காலம் லாப்டாப்புல நோட்புக்கத் தெறப்பேன். மேலயிருந்து ஒவ்வொரு புரோகிராம் கட்டமா ஓட்டுவேன். அது திருவனந்தபுரத்துல கெடக்க ஒனக்க சர்வர்ட்ட போய், நாளைக்குக் கடல் எப்படின்னு கேக்கும். அது சொல்லுதத நான் வள்ளக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல பேசிப் போடுவேன். மாசக்கணக்கா இதான எனக்க சோலி?

ஜெபிஷ்: அப்பம் திங்கக்கெழம மட்டும் எப்படித் தப்பும்?

சுஜி: அத நீ பறை. செய்தவன் நீ. நான் கேட்டுச் சொல்லுதவ.

ஜெபிஷ்: சத்தம் போடாத. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்.

சுஜி: கேக்கட்டும்! ததேயுஸ் மாமா வள்ளம் கவுந்து, ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கெடக்காரு. இன்னும் கண்ணு தெறக்கல. இண்ணைக்கு மாமி கோயில் பங்குக் கமிட்டி முன்ன நின்னு, "எனக்க புருஷன ஆரு போவச் சொன்னது"ன்னு கேப்பா. என்ன சொல்லப் போற?

ஜெபிஷ்: நீ சொல்லு... பழைய பதில அனுப்பிட்டேன், கவனிக்கல்லன்னு.

சுஜி: நானா?

ஜெபிஷ்: பொம்பளப் பிள்ளைய ரெண்டு வார்த்த ஏசுவாவ, விட்டிருவாவ. சர்வர் தப்புன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு எல்லாம் போச்சு. வெள்ளிக்கெழம கம்பெனிக்காரங்க அத வெலைக்கு வாங்கப் பாக்க வாராவ...

சுஜி: தூ! லாப்டாப்ப எடு. பழைய பதில எல்லாம் மாய்ச்சிட்டு மொதல்லயிருந்து ஓட்டு. ஞாயித்துக்கெழம நான் கேட்டத அப்படியே கேளு.

ஜெபிஷ்: இப்பமா...

சுஜி: இப்பம்! எனக்க கண்ணு முன்னால!

ஜெபிஷ்: ...ஓடுது.

சுஜி: என்ன சொல்லுது? வாசி!

ஜெபிஷ்: 'அமைதி.'

சுஜி: நான் ஓட்டினேனா, இல்லியா? சும்மா மூடாத. சர்வருக்கு நாம என்ன குடுத்தோம்ன்னு காட்டு. இன்னும் கீழ போ... அது என்னது? ஞாயித்துக்கெழம அலை ஒயரம் பூஜ்யமா?

ஜெபிஷ்: தொழிலுக்குப் போயிட்டு கரைக்கு வாரவிய சொல்லுத அலைக் கணக்கு தான ஏட்டி அது...

சுஜி: ஞாயித்துக்கெழம நம்ம கரையில எவன் தொழிலுக்குப் போவான்? எல்லாவனும் பூசைக்குப் போவான். ஆளு போவல்லண்ணா கடலு செத்துப் போச்சா?

ஜெபிஷ்: காலி எடத்துல ஏதாவது நெறைக்கணும், இல்லண்ணா சர்வரு பதில் தராது. பூஜ்யம் போட்டேன். தை, மாசியில ஒண்ணும் தெரியல...

சுஜி: இது ஆடி! ஞாயிறெல்லாம் கடல் அசையாம கெடந்துதுன்னு நம்பிட்டு, திங்கக்கெழம போங்கன்னு சொல்லியிருக்கு. கடக்கரையில பெறந்தவன் தானா நீ?

ஜெபிஷ்: மறந்து போச்சு... இப்பம் தான் எனக்கே தெரியுது.

சுஜி: இப்பம் தானா? அப்பம் ஞாயித்துக்கெழம ராத்திரி அப்பாவுக்கு ஏன் போன் செய்த? "நாளைக்குக் கடலுக்குப் போவாண்டாம்"ன்னு சொன்னியாமே. இண்ணைக்குக் காலம்பற தான் அப்பா பறஞ்சாரு. வாயத் தெற!

ஜெபிஷ்: சந்தேகம் தான். உறுதியில்ல. சர்வர நிறுத்தினா கம்பெனிக்காரங்க ஏன்னு கேப்பாவ...

சுஜி: அப்பாவுக்கு ஒரு போனு. மாமாவுக்கு ஒண்ணு செய்ய கை வரல்ல, இல்லியா? ஒனக்குத் தோள்ல தூக்கி நீச்சல் படிச்சுத் தந்தவரு...

ஜெபிஷ்: நிறுத்து! நீ பெரிய யோக்கியமா? ஒனக்க புருஷன் பிபினுக்க வள்ளமும் திங்கக்கெழம கரையில தான் கெடந்துது. அவனுக்கு நான் போன் செய்யல்ல. அவன ஆரு தடுத்தது? பறை ஏட்டி!

சுஜி: நான் தான். குரூப்புல போட்ட பொறவு துணி எடுக்க மாடிக்குப் போனேன்... கடல் கெடந்து பொங்கி மறியுது. அவரப் போவ விடல்ல. அதுக்குப் பொறவு தான் மாமா போன் செய்து, "உறுதியா மக்கா?"ன்னு கேட்டாரு. "சர்வர் சொல்லியாச்சு மாமா, போங்க"ன்னேன்.