இரண்டாம் பொட்டலம்

வீட்டில் ஒயின் செய்யக் கைராசியெல்லாம் வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும். கடையில் விற்கிற பெட்டிக்குள் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாறு ஒரு பையிலும், ஈஸ்ட் ஓர் உறையிலும், எண் போட்ட பொட்டலங்கள் சிலவும், ஒரு தாளும் இருக்கும். தாளில் உள்ளபடி செய்தால் ஆறு வாரத்தில் முப்பது பாட்டில் கிடைக்கும். ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தாளைப் படிக்கப் பொறுமை கிடையாது. கொதிக்கிற தண்ணீரில் ஈஸ்டைக் கொட்டிக் கொன்றுவிட்டு, பெட்டி சரியில்லை என்று கடைக்காரியிடம் சண்டைக்குப் போவான் ஒருவன். பாட்டிலைக் கழுவாமல் ஊற்றிவிட்டு, ஒயினில் ஈரச் சாக்கு வாடை வருகிறது என்பாள் இன்னொருத்தி. வரத்தான் செய்யும்.

கான்ஸ்டபிள் அம்மா, நடந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். என் பெயர் டெல்மர் ஹாகன், வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருடம் இந்த ஊர்த் தண்ணீர் நிலையத்தில் வேலை பார்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்குக் குளோரின் அளவைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இந்த சஸ்காட்செவான் மாகாணத்துக் குளிர் மைனஸ் நாற்பதைத் தொட்ட நாளிலும் போய்க் குறித்தேன். ஒரு கட்டம்கூடக் காலியாக விட்டதில்லை. இறந்துபோன ராய்ஸ் என் தம்பி.

ராய்ஸ் ஏலம் விடுகிறவன். பண்ணை ஏலம், டிராக்டர் ஏலம், மாட்டு ஏலம் என்று மைக் கிடைத்தால் போதும் அவனுக்கு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; இவன் வாயாலேயே வீடு கட்டினான். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பனிக்காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதற்கு அம்மா என்னைத்தான் எழுப்புவாள். “தம்பிக்கு மூச்சு வாங்கும், நீ போ” என்பாள். நான் போவேன். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ஒயின் கெடாமல் இருப்பதற்கு சல்ஃபைட் என்று ஒரு பொடி போடுவார்கள். பெட்டியில் வருகிற இரண்டாம் எண் பொட்டலம் அதுதான். கடையில் பாட்டிலாக விற்கிற ஒயினிலும் உண்டு. ஒரு புத்தாண்டு விருந்தில் அந்த ஒயினை அரைக் கோப்பை குடித்துவிட்டு ராய்ஸ் உதடு நீலம் பாரித்து விழுந்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இந்தப் பொடி இவருக்கு ஆகாது, அடுத்த தடவை பிழைப்பாரா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவன் மனைவி பெர்னடெட் என் வீட்டுக்கு வந்தாள்.

“டெல்மர், அவருக்குன்னு மட்டும் அந்தப் பொடி போடாம ஒரு பெட்டி பண்ணித் தர முடியுமா? ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்டோட ஒரு கிளாஸ் உள்ள போகலன்னா மனுஷன் எங்க எல்லாரையும் கடிச்சுக் குதறுறார்.”

பதின்மூன்று வருடம் செய்து கொடுத்தேன். பொடி போடாத ஒயின் ஐந்தாறு மாதம்தான் தாங்கும். அப்புறம் பழுப்பாகிப் புளித்துப்போகும். அதனால் ஒவ்வொரு லேபிளிலும் ‘ஈஸ்டருக்குள் குடிக்கவும்’ என்று என் கையால் எழுதித்தான் கொடுப்பேன். அவன் எதைப் படித்தான்?

போன வருடம் அக்டோபரில் ஊர் மண்டபத்தில் வான்கோழி விருந்து நடந்தது. மண்டபக் கூரையைச் செப்பனிட ஆளுக்கொரு பொருள் கொடுத்து அங்கேயே ஏலம் விடுவது வழக்கம். ராய்ஸ்தான் மைக்கில். தன் வீட்டு நிலவறையில் இரண்டு வருடமாகக் கிடந்த ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான், நான் அவனுக்கென்று செய்து கொடுத்தது. திறந்து ஒரு கோப்பையில் ஊற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான்.

“இது எங்க அண்ணன் டெல்மர் சரக்கு. நிறத்தப் பாருங்க மக்களே. தண்ணி டேங்கு கழுவுன அன்னைக்குப் புடிச்சு வெச்சிருப்பாரு போல. பத்து டாலர்? அஞ்சு? சரி, ஒரு டாலர்? சாலட்ல ஊத்தலாம், டிராக்டர்ல துரு எடுக்கலாம், மாமியாருக்குக் குடுக்கலாம்!”

இருநூறு பேர் சிரித்தார்கள். கடைசியில் பாதிரியார் ஐம்பது சென்ட்டுக்கு எடுத்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் எடுத்தார். அதற்குப் பிறகு தபால் ஆபீசுக்குப் போனால், “டெல்மர், என் கார் பேட்டரிக்கு ஊத்த ஏதாச்சும் வெச்சிருக்கியா?” என்று கேட்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கேட்டார்கள். அந்த ஒயின் ஏன் கெட்டது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அவன் உயிரோடு இருக்க வேண்டுமென்று பொடி போடாமல் விட்டதால் கெட்டது. மறுநாள் காலையில் அவனிடமே சொன்னேன்.

“ஜோக்குப்பா அது. உனக்கு எல்லாமே சீரியஸ்” என்றான். ஒரு கையால் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்.

பிப்ரவரியில் அவனே வந்தான். மகள் கார்லீனுக்கு ஜூனில் கல்யாணம்.

“ஒயின் உன் பொறுப்பு. மூணு பெட்டி போட்டுடு. ஒண்ணு எனக்கு, எப்பவும்போல.”

“ஊரே சிரிச்ச சரக்காச்சே?”

“இன்னுமா அதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்க? லேபிள்ல பொண்ணு மாப்பிள்ளை பேரப் போட்டுட்டா எவன் ருசி பாக்கப் போறான்? கல்யாண வீட்டுல வாய் நனைஞ்சா போதும்.”

அவன் போன பிறகு வெகுநேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் கேலி செய்ததைக்கூட விடலாம். நான் செய்வதை எவனும் ருசி பார்க்க மாட்டான் என்றான் பாருங்கள்.

நிலவறையில் மூன்று கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் இருபத்து மூன்று லிட்டர். தினமும் சூடு பார்த்தேன், மானியை மிதக்கவிட்டுச் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன், நோட்டில் எழுதினேன். பதினான்காம் நாள் நுரை அடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் இரண்டாம் பொட்டலம். முதல் ஜாடியில் போட்டுக் கலக்கினேன். இரண்டாவதில் போட்டுக் கலக்கினேன். மூன்றாவது ஜாடிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாளை மறுபடி படித்தேன். இரண்டாம் எண் பொட்டலத்தைப் போடவும் என்றுதான் இருந்தது. உங்களுக்கு ஒரு தம்பி இருந்தால் போட வேண்டாம் என்று எந்த இடத்திலும் இல்லை. போட்டேன்.

மூன்றில் அதுதான் நன்றாகத் தெளிந்தது. ஜாடிக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைப் படிக்கலாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ராய்ஸ் அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்ற வந்தான்.

“என்னோடதுல பொடி இல்லல்ல?”

“இத்தனை வருஷத்துல உனக்குச் செஞ்சதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு” என்றேன். பொய் இல்லை. அவன் என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். பதின்மூன்று வருடம் நம்பியவன் பதினான்காவது வருடம் ஏன் தோண்டித் துருவப் போகிறான்?

மண்டபத்தில் சாப்பாடு முடியும் நேரம். கரண்டியால் கோப்பையைத் தட்டித் தட்டி மணமக்களை முத்தமிட வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பேச வேண்டிய முறை வந்தது. ராய்ஸ் எழுந்து மைக்கைப் பிடித்தான். மகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“இந்த ஒயின் எங்க அண்ணன் செஞ்சது. பதிமூணு வருஷமா எனக்குன்னு தனியா, நான் சாகாம இருக்கணும்னு, ஒரு பொடி போடாம செஞ்சு தர்றான். அதனாலதான் அது சீக்கிரம் கெட்டுப்போகுது. அது தெரிஞ்சே போன அக்டோபர்ல இதே எடத்துல நின்னு அவனைக் கேவலப்படுத்தினேன். தப்பு என்னோடது. டெல்மர், மன்னிச்சுடு.”

இருநூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். அவன் கோப்பையை உயர்த்தினான். நேரம் இருந்தது, அதை மறைக்கவில்லை. நில்லு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவன் இன்னும் ருசி பார்த்திருக்கவில்லை.

குடித்தான். கோப்பையை இறக்கிவிட்டு அதையே பார்த்தான். “அடேயப்பா, டெல்மர்” என்றான். மைக்கில் சொல்லவில்லை, எனக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னான். மிச்சத்தையும் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டான். என் வாழ்நாளில் ராய்ஸ் என் ஒயினைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் இருமினான். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். நாற்காலியைப் பிடித்தான், நாற்காலியும் அவனோடு சாய்ந்தது. வாடகைக் கோட்டு போட்டிருந்ததால் இன்ஹேலர் அவனிடம் இல்லை. தினம் போடுகிற ஜாக்கெட்டில், வீட்டில் இருந்தது. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வர நாற்பது நிமிடம் ஆகும். பெர்னடெட் என் சட்டையைப் பிடித்தாள்.

“நீ ஒருத்தன்தான் குடிக்கல. போ டெல்மர், ஓடு. கதவு பக்கத்துல கொக்கியில மாட்டியிருக்கு.”

போனேன். ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. நாற்பதில் போனேன். நின்று போகவும் என்ற பலகை மூன்று இடத்தில் இருக்கிறது. தெருவில் ஒரு பூனைகூட இல்லை. மூன்றிலும் முழுதாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனேன். பெர்னடெட் வீட்டுக்குள் யாரும் காலணியோடு நுழைவதில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன், இரண்டு காலிலும். ஜாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன். திரும்பப் படியில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினேன். எனக்கு இரட்டை முடிச்சுதான் பழக்கம்.

நான் உள்ளே நுழைந்தபோது கார்லீன் கல்யாண உடுப்போடு தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். இன்ஹேலரைக் கொடுத்தேன். அவள் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். உள்ளே இழுக்க ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் பாட்டிலைச் சோதித்தார்கள், பொடி இருப்பது தெரிந்தது. நீங்கள் என்னிடம் வந்து மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதையாவது பொறுத்திருப்பேன். அடக்கத்தன்று பெர்னடெட் எல்லார் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“மூணு ஜாடி பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு, மறந்து போட்டுட்ட. வயசானா யாருக்கும் வரும். உன்மேல எனக்கு வருத்தமே இல்ல, டெல்மர். உன்ன மன்னிச்சுட்டேன்.”

பின்வரிசையில் யாரோ, “பாவம், ஞாபகம் தப்பிப்போச்சு போல” என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்த எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாளாகத் தூக்கமும் இல்லை. அதனால்தான் இன்று காலை நானாக நடந்து உங்கள் நிலையத்துக்கு வந்தேன்.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினான்காம் நாள் பக்கத்தைப் பாருங்கள். மூன்றாவது ஜாடி, ராய்ஸ், இரண்டாம் பொட்டலம் போட்டது, காலை ஒன்பது இருபது என்று மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறதிக்காரன் இப்படி எழுதுவானா? உங்கள் அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பெர்னடெட்டிடமும் சொல்லிவிடுங்கள், என்னை மன்னிக்க அதில் ஒன்றுமே இல்லை. நான் எதையும் தவறாகச் செய்யவில்லை.