ஒரு டின் சீனி

ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கணினி வகுப்பு நோட்டு.

“அக்கா, என் வீட்டுக்காரரு ஒரு டின் சீனியையும் தேத்தண்ணியில கொட்டிட்டாரு.”

“ஏன் லா?”

“கம்ப்யூட்டர் மாதிரி, நான் எழுதுனத அப்படியே செய்ங்கன்னேன். ‘ருசி பாருங்க. இனிப்பு பத்தலன்னா, பத்துற வரைக்கும் ஒவ்வொரு கரண்டியா போட்டுக்கிட்டே இருங்க’ன்னு எழுதியிருந்தேன்.”

“சரியாத்தானே இருக்கு?”

“ஒவ்வொரு கரண்டிக்கும் மறுபடி ருசி பாக்கச் சொல்லி எழுதல. திரும்பத் திரும்பச் செய்யுற அந்த லூப்புக்குள்ள அது இல்லன்னா நிக்கவே நிக்காது.”

“நல்லா ஏசுனியா?”

“கல்யாணமாகி பதினாறு வருசத்துல, நான் சொன்னத அவரு அப்படியே செஞ்சது இதான் மொத தடவ. எப்படிக்கா ஏசுறது?”