ஓட்டினவர் பெயர்

— அப்படி இல்ல தம்பி, அபராதத்துக்காக நான் இந்தக் கோர்ட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்கல. அதக் கட்டணும்னா அன்னிக்கே கட்டிட்டுப் போயிருப்பேன். பேருக்காக வந்திருக்கேன்.

— பேருக்கு இன்னா பாயம்மா இப்போ?

— இந்தக் காகிதத்தப் பாரு. குரோம்பேட்டை சிக்னல், காலைல ஏழு நாப்பது, ஹெல்மெட் இல்லாம ஸ்கூட்டர் ஓட்டினார்னு போட்டிருக்கு. யாரு ஓட்டினதா போட்டிருக்குன்னு நீயே படி. நான் அந்தப் பேர வாயால சொல்ற வழக்கமில்ல.

— பக்கீர் முகமது, பம்மல். பாய் பேருதான். இன்னா பாயம்மா, கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல ஒருதபா கூடவா சொன்னதில்ல?

— ரேஷன் கடைல கூட எழுதித்தான் காட்டுவேன். அது கெடக்கட்டும். அவங்க மௌத்தாயி ஆறு வருஷம் ஆகுது. ஆறு வருஷமா கபர்ஸ்தான்ல தூங்குற மனுஷன் போன மாசம் ஹெல்மெட் இல்லாம குரோம்பேட்டைல சுத்தினாராம். அதுவும் யாரு? பால் வாங்க தெருமுனைக்குப் போனாலும் ஹெல்மெட்டோட போனவரு.

— மெய்யாலுமே அப்டிதான். நம்ம மெக்கானிக் கடைக்கு வண்டி வுட வந்தா கூட கழட்ட மாட்டாரு. கண்ணாடிய மட்டும் மேல தூக்கி வுட்டுகினு டீ குடிப்பாரு. பசங்க சிரிப்பானுங்க. சிரிங்கடா, தலை உள்ள பத்திரமா கீதும்பாரு.

— அவங்க தம்பி ஜி.எஸ்.டி ரோட்டுல தலைல அடிபட்டுப் போனாரு. அன்னிலருந்து அப்படி. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. முக்காட்டு மேல ஹெல்மெட்டு. பல்லாவரம் சந்தைக்குப் போனா வெங்காயக்காரன் தராச விட்டுட்டு என்னையே பாப்பான். எனக்கு மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருக்கும். இப்போ அந்தச் சந்தைக்குத் தனியாப் போறேன். ஒரு பய திரும்பிப் பாக்கறதில்ல. அந்த வெட்கம் திரும்ப வராதான்னு இருக்கு தம்பி.

— வுடுங்க பாயம்மா. மெசேஜ் உங்க போனுக்கா வந்துச்சு?

— அவங்க போனுக்கு. இன்னமும் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். பழைய ஆளுங்க யாராச்சும் கூப்பிட்டா விஷயத்தச் சொல்லணும்ல. போலீஸ் ஸ்டேஷன்ல போயி கேட்டேன். வண்டி யாரு பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் வரும், உங்க வழக்க தாம்பரம் கோர்ட்டுல போயி சொல்லிக்கங்கன்னுட்டாங்க. நான் கேக்குறேன், வண்டிய நீ வாங்கி அஞ்சு வருஷம். பேர ஏன் மாத்தல?

— நேரம் கெடைக்கல.

— அஞ்சு வருஷமாவா? ஆர்.டி.ஓ ஆபீஸ் என்ன லண்டன்லயா இருக்கு? நீ மாத்தியிருந்தா இந்தக் காகிதம் உன் பேருக்கு வந்திருக்கும். அவங்க மேல ஒரு கேஸு வந்திருக்காது.

— தப்புதான்.

— படத்தப் பாரு. பிரவுசிங் சென்டர்ல எடுத்தது, மையா அப்பிக் கிடக்கு. முதுகுதான் தெரியுது. ஆனா ஹெல்மெட்ட இடது கைல மாட்டியிருக்கறது நல்லாத் தெரியுது. கைல இருக்கறதத் தலைல போட என்ன கேடு? அதுவும் அவங்க ஹெல்மெட்டு. பின்னாடி ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருக்கு பாரு.

— வெயிலு பாயம்மா. புழுக்கமா இருந்துச்சு.

— காலைல ஏழு நாப்பதுக்கு என்ன வெயிலு?

— சரி வுடுங்க. உள்ள கூப்ட்டா, நான்தான் ஓட்னேன்னு சொல்லிட்றேன். மேட்டர் ஓவர்.

— அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன். ஓட்டினது அவங்க இல்லன்னு அந்த நீதிபதி தன் கையால எழுதணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— ஜைது தம்பிய கூப்டுகினு வந்திருக்கலாமே. படிச்ச புள்ள, நாலு வார்த்தை பேசுவாரு.

— அவன் பேச்சு எதுக்கு? கீழ்க்கட்டளைல பொண்டாட்டியோட இருக்கான். பெருநாளைக்கு வருவான், சலாம் சொல்லுவான், சாப்பிடுவான், போயிடுவான். நானும் பதிலுக்கு சலாம் சொல்லுவேன். அதோட சரி.

— பெத்த புள்ள கிட்ட இத்தினி வருஷமா கோவமா?

— உனக்கென்ன தெரியும்? அவங்க போயி வருஷம் திரும்பல. நான் எங்கக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வந்து பாக்குறேன், வாசல்ல எண்ணெக் கறை மட்டும் இருக்கு, வண்டியக் காணோம். வித்துட்டேம்மாங்கறான். என்ன ஒரு வார்த்தை கேக்கல. அவங்க தொட்டதுலயே அதுதான் மிச்சம் இருந்துச்சு எனக்கு. அந்தக் கறைய நான் இன்னிக்கு வரைக்கும் கழுவ விடல.

— அவருக்கும் ஏதாச்சும் இருந்திருக்கும் பாயம்மா.

— என்ன இருக்கும்? புதுசா பைக் வாங்கணும், அது இருக்கும். உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. சில நாள் காலைல எங்க தெருமுனைல அவங்க ஹாரன் கேக்குது. சின்னதா ரெண்டு. வேலைக்குப் போறப்போ அந்த முனைல அப்படித்தான் அடிப்பாங்க. நான் அடுப்பு கிட்ட நிப்பேன். போயிட்டு வரேன்னு எனக்கு மட்டும் சொல்ற மாதிரி. இப்பவும் கேக்குது. ஓடிப் போயி கதவத் தொறந்தா தெரு காலியா இருக்கு.

— தெனம் கேக்குதா?

— மாசத்துல ஒரு நாள், ரெண்டு நாள். பேத்தி எடுக்கற வயசாச்சு, காது கோளாறு. நீ ஏன் தலையக் குனிஞ்சுக்கற?

— ஒண்ணுமில்ல. செருப்பு வாரு அறுந்துக்கீது. தோ, கோர்ட்டு டவாலி வர்றாரு.

— யம்மா, இங்க இன்னா கச்சேரி, உள்ள ஐயா விசாரிச்சிட்டு இருக்காரு. உங்க நம்பர் இன்னா? ம், அடுத்தது உங்களுதுதான். மூணு தடவை பேர் கூப்பிடுவேன், உடனே உள்ள வந்துடணும். யோவ், நீயும் கூட வர்றியா? கோர்ட்டுக்குள்ள தொப்பியோடவா போவ? கழட்டு.

— கழட்டிட்றேன் சார்.

— ரவி.

— சொல்லுங்க பாயம்மா.

— கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. உனக்கு எப்பலருந்து தலைல முடி இல்ல?

— அது ஆச்சு, பத்து வருஷம். எங்கப்பாவுக்கும் இப்டிதான். அதான் எப்பவும் தொப்பி.

— இந்தப் படத்துல இருக்கறவனுக்கு புதர் மாதிரி முடி இருக்கே.

— அது நெழலு.

— நெழலுக்குத் தலை வாரி விடலாம் போல இருக்கு. இந்தா, இது அவங்க போனு. அந்த மெசேஜ்ல படம் இருக்கு, தொறந்து பெருசு பண்ணு.

— வாணாம் பாயம்மா. நான்தான்னு சொல்லிட்டேன்ல.

— பண்ணுன்னா பண்ணு. முதுகு வேணாம், தலைக்குப் போ. கேமராவ ஒசரத்துல வச்சிருக்காங்க, உச்சி நல்லாத் தெரியும். இன்னும் பெருசு பண்ணு.

— இதுக்கு மேல ஆவாது.

— போதும்.

— பாயம்மா, இப்டி உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டா?

— ரெட்டைச் சுழி. பதினாலு வயசு வரைக்கும் இந்தத் தலைக்கு எண்ணெ வச்சவ நான். சீப்புக்கு அடங்காத தலைடான்னு திட்டிக்கிட்டே வாருவேன். இது ஜைது.

— ஆமா பாயம்மா.

— எனக்குத் தெரியாம உன்கிட்டருந்து இரவல் வாங்கி ஓட்டுறானா?

— இரவல் இல்ல. தம்பி வண்டிய விக்கவே இல்ல. என்கிட்ட ஒரு பைசா வாங்கல. ரவிண்ணா, இத உங்க கடைல வச்சிக்கோங்க, ஓட்டிக்கோங்க, பேர மட்டும் மாத்தாதீங்க, அத்தா பேர்லயே இருக்கட்டும்னாரு. அதான் நான் மாத்தல. உங்க கிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்.

— அப்போ எதுக்கு வித்துட்டேன்னான்?

— நீங்க அப்போ எப்டி இருந்தீங்கன்னு உங்களுக்கு நெனப்பு கீதா? சோறு தண்ணி இல்லாம வண்டி கிட்டயே உக்காந்துகினு, சீட்ட தொடச்சிகினே இருப்பீங்களாம். ராத்திரி தூக்கம் கூட அது பக்கத்துலதானாம். கண்ணுல படலன்னா அம்மா தேறிடும்ண்ணான்னு அழுதாரு. கடைல வுட்டிருக்கேன்னா நீங்க தேடிகினு வந்துடுவீங்க. வித்துட்டேன்னா என்னை திட்டுவாங்க, திட்டட்டும், சாப்பிட்டா போதும்னாரு.

— சாப்பிட்டேன். அவன் மேல இருந்த கோவத்துலயே எந்திரிச்சு நடமாடினேன். நெசந்தான்.

— மாசத்துல ஒரு நாள் காத்தால வருவாரு. வண்டிய எடுத்துகினு குரோம்பேட்டை ஸ்கூல் கேட்டு வரைக்கும் போவாரு, பாய் அவர இட்டுகினு போவாரே அதே வழியில. அங்க அஞ்சு நிமிசம் நிப்பாராம். அப்பறம் கொண்டாந்து வுட்டுட்டு ஆபீசுக்குப் போயிடுவாரு.

— எங்க தெரு வழியாவா?

— ஆமா. அந்த ஹாரனும் அவருதான்.

— நான் கதவத் தொறக்கறதுக்குள்ள ஓடிடுவானா?

— நீங்க பாத்துட்டா திட்டுவீங்கன்னு பயம்.

— முட்டாப் பய. சரி, ஹெல்மெட்ட ஏன் கைல மாட்டிக்கிட்டுப் போறான்? அவங்க கையால ஹெல்மெட் போட்டு விட்டு வளத்த புள்ள. அவங்க வண்டிலயே இப்படிப் போறானே, அத்தா மேல மரியாதை வேணாமா?

— நானும் கேட்டேன். மொத நாளு மாட்னாரு பாயம்மா. மாட்டிகினு அப்டியே நின்னாரு, உடனே கழட்டிட்டாரு. உள்ள பஞ்சுல அத்தா தலையெண்ணெ வாசனை இருக்குண்ணா, நான் போட்டா அது என் வாசனை ஆயிடும்னாரு. அப்போ வேற ஹெல்மெட்டு போட்டுகினு போன்னேன். அத்தா வண்டில வேற ஹெல்மெட்டு வாணாமாம். நானும் மோந்து பாத்தேன், எனக்கு கிரீஸ் வாசனைதான் வந்துச்சு.

— உனக்கு வராது. தேங்காண்ணெல மருதாணி போட்டு நான் காச்சித் தருவேன். அது லேசுல போகாது.

— இப்போ இன்னா பண்ணலாம்? நம்ம பழைய பிளான்தான் சரி. நான்தான் ஓட்னேன்னு சொல்லிட்றேன். இந்த மொட்டத் தலைய படத்தோட வச்சு யாரு பாக்கப் போறா? பாய் பேரும் போயிடும், தம்பி பேரும் வராது.

— வேணாம். அவங்க பேர சுத்தம் பண்ண உன்மேல பொய்யத் தூக்கி வைக்கறதா? அதுக்கு அவங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும்.

— அப்போ யாரு ஓட்னாங்கன்னு தெரியாது, வண்டி வித்தாச்சுன்னு சொல்லிடுங்க. காலைல வரைக்கும் அதுதானே உங்களுக்குத் தெரியும்.

— இப்போ தெரிஞ்சுடுச்சே.

— தம்பி பேர சொன்னா அபராதம் அவர் பேர்ல ஏறும் பாயம்மா. அது கூட பரவால்ல. இத்தினி வருஷமா பேசாத அம்மா, கோர்ட்டுல வந்து நம்மள காட்டிக் குடுத்துச்சேன்னு நெனச்சிட்டாருன்னா? பெருநாளைக்கு சலாம் சொல்ல வர்றவரு அதுக்கும் வராம போயிட்டா?

— அதத்தான் யோசிக்கிறேன்.

— பக்கீர் முகமது.

— போலாம் பாயம்மா, கூப்ட்டாங்க.

— பக்கீர் முகமது.

— கொஞ்சம் இரு தம்பி. இந்தப் பேர ஒருத்தர் சத்தமாக் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆச்சு. இன்னொரு தடவை கூப்பிடட்டும்.

— பக்கீர் முகமது. யம்மா, உங்களத்தான். காது கேக்கலியா?

— கேட்டுச்சுங்க. வந்துட்டேன்.

— பக்கீர் முகமதுங்கறது நீங்களாப்பா?

— இல்லீங்க ஐயா, நான் ரவி. மெக்கானிக்கு. கூட வந்திருக்கேன்.

— அவங்க என் வீட்டுக்காரருங்க ஐயா. ஆறு வருஷம் முன்னாடி மௌத்தாயிட்டாங்க. இறப்பு சர்டிபிகேட்டு இந்தா இருக்கு. என் பேரு அஜீசா.

— பாத்தேன்மா. வண்டிய வித்தாச்சு, எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. யாருக்கு வித்தீங்க?

— அது தெரியாம எழுதிட்டேன் ஐயா. விக்கல. வண்டி எங்களுதுதான்.

— பாயம்மா.

— நீங்க குறுக்க பேசாதீங்க. சரிம்மா. படத்துல இருக்கறது உங்க கணவர் இல்ல, அத நான் எழுதிக்கறேன். அவர் பேர்ல இருக்கறத எடுத்துடலாம்.

— உங்க கையாலயே எழுதுங்க ஐயா. அவங்க ஒரு நாள் கூட ஹெல்மெட் இல்லாமப் போனதில்ல.

— எழுதிட்டேன். இப்போ ஓட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லலாம். தெரிஞ்சா அப்பா பேரோட சேத்துச் சொல்லணும், பதிவு பண்றதுக்கு.

— ஐயா, அந்தப் பேர பாயம்மா வாயால சொல்ல மாட்டாங்க. நான் சொல்லட்டா?

— வேணாம் ரவி, நானே சொல்றேன். எழுதிக்கங்க ஐயா. பக்கீர் முகமது மகன் ஜைது. என் புள்ள.