திரைக்குள்ளே இருக்கும் புறா

எங்கள் கலிலேயாக் குடியிருப்பின் வழிகாட்டியும் இந்த அவையின் தலைவருமான ரப்பி பினியாமின் அவர்களே, மூட்டு வலித்தாலும் முதுகு வளையாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் கையில் பேரீச்சம்பழமுமாய் வந்திருக்கும் தாய்மாரே, நம் மலைகளையும் மரங்களையும் மன்றாட்டுகளையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்த எல்கானாவே, ஸோஹராவின் வணக்கம்.

இந்தத் திரையை விலக்கிக் கண்காட்சியைத் திறந்துவைக்க என்னை அழைத்தார்கள். விலக்கக் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்; அதுவரை யாரும் தின்பண்டப் பக்கம் நகர வேண்டாம்.

போன கோடையில் என் வீட்டு மாதுளையில் ஒரு காட்டுப்புறா கூடு கட்டியது. தாய்ப்பறவையை விரட்டிவிட்டே முட்டையை எடுக்க வேண்டும் என்பது நம் வேதமான தோராவின் கட்டளை. அப்படிச் செய்தவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது நம் பெண்களின் நம்பிக்கை. கல்யாணமாகி நெடுநாளாய்த் தொட்டில் வாங்காத இஸ்கா வந்து கேட்டாள். வா என்றேன். கையசைத்தாள், புறா பறந்தது. முட்டைகளை உள்ளங்கையில் ஏந்தி அழுதாள்; திரும்ப வைத்தாள். புறாவும் திரும்ப வந்தது. அதில் என்ன குறை?

அதை எல்கானா படமெடுத்தான். அழகான படம். அந்த அழகிலிருந்துதானே அழிவு வந்தது? ஜெபக்கூடத்து வாரத் தாளில் வெளியான படத்தில் இஸ்காவின் கண்ணீர் தெரிந்தது, புறாவின் சிறகு தெரிந்தது, என் வீட்டு நீலக் கதவும் தெரிந்தது.

மறுநாள் காலை கதவுக்கு வெளியே வரிசை. விரட்டினார்கள், வந்தது. விரட்டினார்கள், வந்தது. உட்கார்ந்திருக்கும் தாயைத்தானே விரட்ட வேண்டும்? ஆகவே அது உட்காரும்வரை காத்திருந்து விரட்டினார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா, நல்லா உக்காரட்டும்."

"உன் சத்தத்துக்கு முட்டையே எந்திரிச்சு ஓடிடும், வாய மூடு."

"அத்தை, கடைசியா என் மருமகளுக்கு மட்டும்."

எத்தனை கடைசி? மதியத்துக்கு மேல் அது வரவில்லை. முட்டைகள் என் கையில் குளிர்ந்துபோயின. தாய் பார்த்துத் துடிக்கக் கூடாது என்று வந்த கட்டளையை வைத்தே ஒரு தாயைத் துரத்தினோமே, அடுக்குமா? அன்று வரிசையில் நின்ற முகம் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மஸூதா, குனியாதே, உன் முகமும்தான்.

இந்த வருடம் ஒரு புறா வேறோர் இடத்தில் அடைகாக்கிறது. எங்கே என்றா கேட்கிறாய், பின்வரிசைத் தம்பி? எனக்குத் தெரியும். எல்கானாவுக்குத் தெரியும். இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் படத்தைப் பார்த்தால் உனக்கும் தெரிந்துவிடும்.

மேடையேறும்போது எல்கானா என் காதோடு சொன்னான்: "அத்தை, இத்தனை வருஷ உழைப்புக்கு அந்தப் படந்தான் நடுநாயகம்."

"முட்டைக்குள்ள இருக்கிறது இன்னும் மூச்சே விடலையே, மகனே," என்றேன்.

பார்த்ததையெல்லாம் காட்டியே ஆக வேண்டுமா? விரட்டிவிட்டு எடு என்றது தோரா. எடுத்தே தீர வேண்டும் என்றதா? ரப்பி தலையசைக்கிறார். அது ஆமாவா இல்லையா என்பதை வீட்டுக்குப் போய் முடிவு செய்யட்டும்.

எல்கானா, எழுந்து வா. உன் படம். நீயே திற, அல்லது நீயே கழற்று.

வருகிறான். என்னைப் பார்க்காமல் வருகிறான். திரையோடு சேர்த்துக் கழற்றுகிறான். சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறான். கைதட்டாதீர்கள், அவனுக்கு வலிக்கிறது.

குஞ்சுகள் பறந்த மறுநாள் நானே வந்து திறப்பேன். அதுவரை அந்த வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுப் போங்கள். எங்கோ ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது அதில் தெரியும்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி, கேட்காதவர்களை மறக்கமாட்டேன். எல்லார் வீட்டுக்கும் சமாதானம், எல்லாக் கூட்டுக்கும் சமாதானம்.