எட்வர்டின் மறுபரிசோதனை

எட்வர்டு காலையில் எதையும் அவசர அவசரமாகத்தான் செய்வான், இன்ஸ்பெக்டர் சார். சட்டைப் பித்தானைக்கூடப் படியில் இறங்கும்போதுதான் போடுவான். என் ஒரே பிள்ளை.

கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனி. அவனுக்கு உலையில் வேலை. நான் அங்கேயே முதலுதவி அறை நர்ஸ். உலை ஆட்கள் மாதாமாதம் காலைச் சிறுநீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் பிடித்துவந்து என்னிடம் தர வேண்டும். "லேட்டாவுதும்மா, நீயே எத்துகினு வந்துடு" என்று வைத்துவிட்டு மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு ஓடுவான்.

சிறுநீரக செல்களின் மேற்பரப்பில் புரதத் துணுக்குகளை வெட்டும் என்சைம்கள் உண்டு. ஈயம் ஏறினால், ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல அவை உதிர்ந்து சிறுநீரில் வரும். அப்போதே ஆளை உலையிலிருந்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

2005இல் அவனுக்கு அந்த என்சைம் அளவு ஏறிவிட்டது. மறுபரிசோதனையிலும் ஏறியிருந்தால் ஓசூர் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே உலை கிடையாது. மருமகள் ஹெலனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லதாப் போச்சு அத்தை. அங்க குவார்ட்டர்ஸ் குடுக்குறாங்களாம். ரெண்டு பேர்தானே, போதும்."

ரெண்டு பேர். என் வீட்டுக்காரர் போனபிறகு சில மாதம் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தவள் நான். சோறு தொண்டையில் இறங்காது, சார்.

மறுபரிசோதனைக்கு அவன் பாட்டிலைக் கொட்டிவிட்டு என் சிறுநீரை ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். ஓசூர்ப் பேச்சு தானாக அடங்கியது. அவன் உலையிலேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மூவருமாகச் சர்ச்சுக்குப் போனோம், மீன் வாங்கினோம், சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு அவனுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. இப்போது டயாலிசிஸ். "ரிப்போர்ட்டெல்லாம் நல்லாத்தானம்மா வந்துச்சு. நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டான். "ஒரு பாவமும் பண்ல நைனா" என்று சொல்லி அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை, சார். பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

என் கிட்னி அவனுக்குப் பொருந்துகிறது என்று ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் சொன்னார்கள். பொருந்தவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கத்திக்குப் பயந்து அல்ல. ஹெலன் இன்னும் ஓசூரை மறக்கவில்லை. எழுந்து நடக்கத் தெம்பு வந்தால் என் பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவான், சார்.