ஜப்பான் முறை நடவு

1967, ஆட்சி மாறிய வருஷம் அது. திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், நடவு முடித்து வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலில் சேறு இன்னும் காயவில்லை.

“அமெரிக்காக்காரன் நம்ம ஊரையும் ஜெயிச்சிருக்கலாம்க்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்டி?”

“சண்டையில ஜப்பானை ஜெயிச்சதும், அங்க பெரிய மிராசுங்ககிட்ட இருந்த நெலத்தை வாங்கி, உழுதவங்களுக்கே கொடுக்க வச்சானாம். விவசாயச் சங்கக் கூட்டத்துல சொன்னாங்க.”

மூத்தவள் வெளியே பார்த்தாள். சாலையின் இரு பக்கமும் நாற்று வரிசை பிடித்து நின்றது.

“நம்ம பண்ணையாரு ஜப்பான் முறைன்னு சொல்லித்தானே கயிறு புடிச்சு வரிசையா நடச் சொல்றாரு. அவருக்கு இந்த நெலச் சேதி தெரியுமா?”

“பேப்பர் படிக்கிறவரு. தெரியாமயா இருக்கும்?”

“அப்ப தெரிஞ்சுதான் கயித்தோட நிறுத்திக்கிட்டாரு.”